நடுவை விட்டுக்கொடுக்கும் சிற்பம்

வீட்டு வாசலில் சிற்பம் வைப்பதைப் பற்றி இன்று கொஞ்சம் பேசலாம். புது வீடு கட்டுகிறவர்களும் அடுக்குமாடியில் குடியேறுகிறவர்களும் சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் அடுத்தபடியாக யோசிக்கிற விஷயமாக இது ஆகிவிட்டது. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளின் முன்னால் வரிசையாக நிற்கிற பிள்ளையார்களும் புத்தர்களும் எல்லாம் கோயிலுக்கும் விகாரைக்கும் போகிறவை அல்ல. வீட்டு வரவேற்பறைக்கும் ஓட்டல் முகப்புக்கும் போகிறவையும் அவற்றில் உண்டு. எந்தச் சிலை வாங்கலாம், எந்தத் திசை பார்க்க வைக்கலாம் என்று ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வாசலில் சரியாக எந்த இடத்தில் வைப்பது என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. என் கட்சி இதுதான்: வாசல் சிற்பத்தின் அழகில் பாதிக்கு மேல் அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடம் கதவுக்கு மேலேயும் பக்கத்திலேயும்தான். நடு, வருகிறவருக்கு உரியது.

இதற்கு நம்மிடம் உள்ள சான்று மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனை வாயிலை நக்கீரர் வர்ணிக்கிறார். இரும்புப் பட்டை அறைந்து செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு, அதன்மேல் குவளைப் பூவும் பெண்யானையும் செதுக்கிய உத்தரம், வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசிய உயரமான நிலை என்று ஒரு தச்சர் மேற்பார்வை பார்ப்பதுபோல் ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த உத்தரத்தின் நடுவே திருமகள், இரு புறமும் பிடிகள் என்று விளக்கம் தருகிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். யானைகள் சூழ அமர்ந்த இந்தத் திருமகளைத்தான் நாம் கஜலட்சுமி என்கிறோம். கி.மு. காலத்துப் பார்குத்திலும் சாஞ்சித் தோரணங்களிலும் இருப்பவள் இவளே. நம் பேச்சுக்கு முக்கியமானது, அவளை எங்கே வைத்தார்கள் என்பது. நுழைகிறவனின் தலைக்கு மேலே, கதவைத் தாங்குகிற மரத்திலேயே அவள் இருக்கிறாள். அந்தச் சிற்பத்தை எடுத்துவிட்டுக் கதவை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

இந்த ஏற்பாடு அரண்மனையிலிருந்து வீட்டுக்கு வந்ததைப் பார்க்கச் செட்டிநாட்டைவிட நல்ல இடம் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் பரவிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டப்பட்டவை. பர்மாவில் சம்பாதித்த பணமும் பர்மாத் தேக்கும் அவற்றில் இருக்கின்றன. தெருவில் நின்று நிமிர்ந்தால் மாடி முகப்பின் உச்சியில் சுதையால் செய்த கஜலட்சுமி இருப்பாள். அவளுக்கு இரு பக்கமும் சிங்கம், சாமரம் வீசும் பெண்கள் என்று தொடங்கி, சில வீடுகளில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கூட விறைப்பாக நிற்பான். சொல்லப்போனால் கஜலட்சுமிக்கு அவன் செய்கிற காவல் கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் அந்தச் சுதை உருவங்களைக் கவனியுங்கள். மூக்கு தடித்து, கண் பெரிதாக, நிறம் அழுத்தமாக இருக்கும். முப்பது நாற்பது அடி தள்ளித் தெருவில் போகிறவருக்காகச் செய்தவை அவை. படியேறித் திண்ணையைக் கடந்து தேக்கு நிலைக்கு முன்னால் வந்தால் அளவே மாறிவிடும். கொடிக்குள் கிளி, கிளிக்குப் பக்கத்தில் யாளி, மேலே பலகையில் ராமர் பட்டாபிஷேகமோ மறுபடியும் லட்சுமியோ இருக்கும். கிளியின் இறகை விரல் நகத்தால் தடவி எண்ணலாம். கதவு திறக்கும்வரை காத்து நிற்கிற அந்த ஓரிரு நிமிடத்துக்காக, கை எட்டுகிற தூரத்துக்காகச் செதுக்கியது அது. தூரத்துக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்த கணக்கு இது.

இத்தனை சிற்பத்துக்கும் நடுவே ஓரிடம் வெறுமையாக இருக்கிறது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு நிலையையும் ஊடுருவிப் பின்வாசல் வெளிச்சம்வரை பார்வை நேராகப் போகும். அந்தக் கோட்டில் ஒரு சிலைகூட இருக்காது. இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் கப்பலில் வரவழைத்தவர்களுக்கு நடுவில் நிறுத்த ஒரு சிலை வாங்குவது பெரிய காரியமா? தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். ஓரங்களில் அத்தனை வேலைப்பாடு இருப்பதே அந்தக் காலி இடத்தை எடுத்துக் காட்டத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோயில்களும் இதையே சொல்கின்றன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த குகைக்கோயிலில் வாயிற்காவலர் இருவரும் முகப்பின் இரு கோடிகளில், மாடத்துக்குள் ஒதுங்கி நிற்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் துவாரபாலகர்கள் மனிதனைப்போல் பல மடங்கு உயரம். காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். அந்த யானையை வைத்துக் காவலரின் உருவத்தை நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அவ்வளவு பெரியவர்களும் வழியை விட்டு விலகித்தான் நிற்கிறார்கள். இலங்கையின் அநுராதபுரத்தில் படிக்கட்டின் இரு பக்கமும் நாகராசன் வடித்த காவற்கற்கள் உண்டு. நடுவில் இருப்பது சந்திரவட்டக்கல். யானையும் குதிரையும் சிங்கமும் எருதும் அன்னமும் செதுக்கிய அந்த அரைவட்டக் கல், காலால் மிதித்துக் கடப்பதற்கென்றே தரையோடு தரையாகக் கிடக்கிறது. சோழர் ஆட்சிக்குப் பிறகான பொலன்னறுவைச் சந்திரவட்டக்கல்லில் எருது இல்லை. சைவர்களின் நந்தியை மிதிக்க நேரும் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். காலடியில் எது படலாம் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, சிவன் கோயிலில் நந்தி நட்டநடுவில்தானே உட்கார்ந்திருக்கிறது, பலிபீடமும் கொடிமரமும் அதே நேர்க்கோட்டில்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் கோயிலில் அந்தக் கோட்டில் யாரும் நடப்பதில்லை. நந்திக்கும் சுவாமிக்கும் குறுக்கே போகாதே என்று குழந்தைக்குச் சொல்லித்தருகிறோம். கோயிலின் நடுக்கோடு சுவாமியுடையது, நாம் பக்கவாட்டில் ஒதுங்குகிறோம். வீட்டின் நடுக்கோடு மனிதர்களுடையது. காய்கறிப் பையோடு வருகிற அம்மாவும், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற பிள்ளையும் தினமும் பத்துத் தடவை அங்கே நடக்கிறார்கள். இன்னொருவர் தெருக்குத்துப் பிள்ளையாரைச் சொல்லலாம். தெரு வந்து முட்டுகிற வீட்டின் மதிலில் அவர் நேருக்கு நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் இருப்பது மதிலில், கதவுக்கு எதிரில் அல்ல. வருவதைத் தடுத்து நிறுத்துவது அவர் வேலை. வாசல் வரவேற்பதற்காக இருப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் அடுக்குமாடியிலிருந்து வருகிறது. மூன்றரை அடிக் கதவு, அதற்கு வெளியே எல்லாருக்கும் பொதுவான நடைபாதை. உத்தரமும் இல்லை, திண்ணையும் இல்லை. கதவைத் திறந்தால் நேரே குளியலறைக் கதவு தெரியும் வீடும் உண்டு. அதை மறைக்க எதிரே ஒரு பீடம் போட்டு நடராஜரை வைத்தால் என்ன தப்பு? பார்வைக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மண்டகப்பட்டுக் காவலரைப்போல் அந்தச் சிற்பத்தைச் சுவருக்குள் மாடத்தில் ஒதுக்குங்கள், அல்லது புடைப்புச் சிற்பமாகச் சுவரிலேயே பதியுங்கள் என்பதுதான் என் பதில். நுழையும் இடத்தில் நாம் சிற்பத்தைச் சுற்றிவந்து பார்ப்பதில்லை, முன்புறம் மட்டுமே பார்க்கிறோம். முழு உருவச் சிலையின் முதுகு அங்கே தூசிக்குத்தான் பயன்படும். எடையையும் யோசிக்க வேண்டும். ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. வீட்டு அறைத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்கப் பாரம் என்ற கணக்கில்தான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். மூன்றடிக் கருங்கல் பிள்ளையாரை ஐந்தாவது மாடிக்கு ஏற்றும் முன் பொறியாளர் ஒருவரைக் கேட்பது நல்லது. கல்போலத் தெரிய வேண்டும் என்று ஃபைபரில் செய்து சாயம் அடித்த சிலைகள் எடைக்கு ஒரு தீர்வுதான். ஆனால் வெயில் படும் வாசலில் சில வருடங்களில் வெளுத்துப்போய், பொய் வெளியே வந்துவிடும். அந்தப் பணத்தில் கதவுக்கு மேலே ஓரடி அகலத்தில் ஒரு மரப்பலகை செதுக்கி மாட்டலாம். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நிலையின் அளவைச் சொன்னால் அதற்கேற்பச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. மேலிருந்து நேராக விழும் விளக்கைவிடப் பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் சின்ன விளக்கில்தான் செதுக்கலின் ஆழம் தெரியும்.

செட்டிநாட்டு உதாரணமே பணக்கார ஆடம்பரம்தானே என்பவர்களுக்கு, ஆமாம், ஆடம்பரம்தான். சில முகப்புகளில் பொம்மைக்கு மேல் பொம்மை ஏறிக் கண் உறுத்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இட ஒழுங்குக்குப் பணம் தேவையில்லை. வாசலின் இரு பக்கமும் விளக்கு மாடமும், நிலையில் மஞ்சள் குங்குமமும், தலைக்கு மேலே மாவிலையும் உள்ள ஓட்டு வீட்டிலும் அதே ஒழுங்குதான் இருக்கிறது. அங்கே நடுவில் போடுகிற கோலம்கூட மிதித்து அழிவதற்கென்றே போடப்படுகிறது.

நடுவில் நிறுத்துவதால் வரும் இன்னொரு கேட்டைப் புத்தர் தலைகளில் பார்க்கலாம். தாழ்வாரத்து மேசைமேல், பக்கத்தில் செருப்பு அலமாரியோடு, கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு புத்தர் தலை. இப்படித் தலை மட்டும் அலங்காரப் பொருளானதற்கு, ஆசிய நாடுகள் பலவற்றில் முழுச் சிலைகளின் தலையை வெட்டிக் கடத்தி விற்ற வரலாறும் ஒரு காரணம். இலங்கையிலும் தாய்லாந்திலும் பௌத்தர்கள் இந்த வழக்கத்தை வெறுப்பதில் வியப்பில்லை. நம் வீட்டு வாசலில் யாருடைய தெய்வமும் சாவி மாட்டுகிற இடமாக ஆக வேண்டாம்.

கடைசியாகப் பழைய கதவுகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் நிலைகளும் தூண்களும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. குப்பைக்கும் அடுப்புக்கும் போகாமல் யாரோ ஒருவர் வாசலில் நிற்கட்டுமே என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கிராக்கி கூடக்கூட இடிப்பதும் லாபமாகிறது. ஏற்கெனவே பிரித்துப் போட்டதை வாங்குவதில் எனக்குத் தடையில்லை. வாங்கினால் அதை நிலையாகவே பொருத்துங்கள். சுவரில் சாய்த்து வைக்கவோ கண்ணாடி போட்டு மேசையாக்கவோ வேண்டாம்.

ஊரில் இன்னும் நிற்கிற வீட்டுக்குப் பங்காளியாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகப்புச் சுதைச் சிற்பத்தின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் இந்த மழைக்கு முன் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். விரிசலைச் சிமெண்டால் அடைக்காமல் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். எனாமல் பெயிண்டை மட்டும் தயவுசெய்து அதன்மேல் பூசவிடாதீர்கள்.