பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவிலே

(க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தோட்டக் கலாசார மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

நமது தோட்டத்தில் இம்முறை உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பெறுபேறு இன்னும் வரவில்லை. ஆனால் லயத்தில் இப்போதே "டாக்டர்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். தயவு செய்து அதை நிறுத்துங்கள். பாசத்தில்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் புள்ளி கொஞ்சம் குறைந்துவிட்டால் அந்தப் பிள்ளை குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கவும் வராது.

பரீட்சை முடிந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்க நம் நாட்டில் அநேகமாக ஒரு வருஷம் ஆகிவிடுகிறது. சில காலத்தில் அதற்கும் மேல். 1987 முதல் 1990 வரை கலவரத்தால் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. கொரோனா வந்த பிறகு 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையே 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. பெறுபேறு வர வேண்டும், பிறகு மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிறகு வெட்டுப்புள்ளி, பிறகு பதிவு. இந்த நீண்ட காலத்தில்தான் நம்முடைய பிள்ளைகள் பலர் வழிமாறிப் போகிறார்கள்.

முதலில் கடிதம் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை.

2008ஆம் ஆண்டளவில் நான் வேறொரு தோட்டத்துக் கந்தோரில் சின்ன வேலையில் இருந்தேன். லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. எல்லாக் கடிதமும் கந்தோருக்குத்தான் வரும். கட்டைப் பிரித்து டிவிசன்வாரியாக ஒதுக்கி, பெரட்டில் கொடுத்து அனுப்புவோம். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்தால் கடிதம் லாச்சிக்குள் போய்விடும், "யாராவது வந்து கேட்கட்டும்" என்று. அப்படி ஒரு பையனுடைய பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் லாச்சிக்குள் கிடந்தது. அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தான். தகப்பனுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதத்தைக் கண்டெடுத்தபோது பதிவுத் திகதி போய்விட்டது. ஓடினோம், கெஞ்சினோம், நடக்கவில்லை. அது அவனுக்கு மூன்றாவது தடவை. மூன்று தடவைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் போக முடியாது.

கட்டைப் பிரித்த கைகளில் என்னுடையதும் ஒன்று. அந்தப் பையன் இப்போது ஆசிரியர், நல்ல ஆசிரியர். வழியில் கண்டால் சிரிப்பார். அந்தக் கதையை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

இப்போது விண்ணப்பம் இணையவழியில்தான். கைத்தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் செய்தி வருகிறது. ஆனால் லாச்சி வேறு வடிவத்தில் இருக்கிறது! நம் பிள்ளைகள் டேட்டா மலிவு என்று மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த நம்பரைப் பதிவு முடியும்வரை மாற்றாதீர்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி அம்மாவின் பெட்டிக்குள் வையுங்கள். வெளியூர் போனால் வீட்டில் ஒருவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அதோடு பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பாடசாலையில் இன்னொரு பெயர். தகப்பன் பெயரில் ஒரு எழுத்து சிங்களத்தில் மாறி விழுந்திருக்கும். இதைத் திருத்த மாதக்கணக்கில் போகும். பெறுபேறு வந்த பிறகு ஓடினால் மூச்சு வாங்கும்.

அடுத்தது மொழி. பிள்ளைகள் உயிரியலையும் இரசாயனவியலையும் பௌதிகவியலையும் தமிழில் படித்தார்கள். மருத்துவ பீடத்தில் முதல் நாளில் இருந்து எல்லாம் ஆங்கிலம். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் என்று தலையணை போன்ற புத்தகங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கு தடுமாறுவது பாடத்தால் அல்ல, மொழியால். உயர்தரத்தில் எழுதிய பொது ஆங்கிலம் அனுமதிக்குச் சேராது என்பதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

காசு கட்டி வகுப்புக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் பழைய உயிரியல் பாடத்தை எடுத்து, அதே விசயத்தை ஆங்கிலப் புத்தகத்தில் வாசியுங்கள். இதயம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஆகவே சொல்லை மட்டும் பிடித்தால் போதும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். சத்தமாக வாசியுங்கள். லயத்தில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

சிங்களத்தையும் விடாதீர்கள். வார்டில் படுத்திருக்கும் நோயாளி "எங்கே வலி" என்பதை அவர் பாசையில்தான் சொல்வார். தமிழ் மட்டும் தெரிந்த நம்முடைய பாட்டிமார் ஆஸ்பத்திரியில் வாயில்லாமல் நிற்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கம்பியூட்டர் பற்றி நீங்களே எனக்குச் சொல்லித் தருவீர்கள், ஆகவே அதை விடுகிறேன்.

இனி வேலைக்குப் போவது. ஒரு தாய் போன கிழமை என்னிடம் கேட்டார்: "சார், பதின்மூன்று வருஷம் படிக்க வைத்தாச்சு. இந்த ஒரு வருஷம் கொழும்புக்கு அனுப்பினால் கடனாவது அடையும்தானே?" அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். மழை நாளில் பேர் குறைந்தால் அடுப்பு எப்படி எரிகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் கடையில் காலை ஏழில் இருந்து இரவு ஒன்பது வரை நிற்கும் பிள்ளை புத்தகத்தைத் தொடாது. கையில் காசு பழகிவிட்டால் ஐந்து வருஷப் படிப்பும், அதன் பின் ஒரு வருஷ உள்ளகப் பயிற்சியும் மலையாகத் தெரியும். ஆகவே வீட்டில் இருந்து சம்பாதிக்கும் வழியைப் பாருங்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் சொல்லிக் கொடுக்கலாம். மாலையில் இந்த மண்டபத்தைத் திறந்துதர நான் பொறுப்பு. கட்டாயம் வெளியூர் போகத்தான் வேண்டுமென்றால் எவ்வளவு நாள் என்று பேசி முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கிறோம் என்று ஏஜென்ட்மார் வருவார்கள். நகையை அடகு வைக்கும் முன், அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்காவிட்டால் படித்து வந்தும் இங்கு மருந்து எழுத முடியாது. ஏற்றிருந்தாலும் திரும்பி வந்து சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

நான் அதிகம் ஆசைப்படுவது ஒரு விசயம். மருத்துவம் உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது. புள்ளி வந்தது, அதனால் மருத்துவம் என்று போகிறவர்கள் உண்டு. நமது பிள்ளைக் காம்பராவில் நிறை பார்க்கும் நாளில் வந்து நில்லுங்கள். மருத்துவிச்சி அம்மாவுக்கு ஒரு கை உதவியாக இருக்கும். அழுகிற பிள்ளையைத் தராசில் வைத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி போடப் பழகுங்கள். தோட்டப்புறத்தில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நகரத்தைவிட அதிகம் என்று புத்தகத்தில் வாசிப்பது வேறு, அந்தப் பிள்ளையின் கணுக்காலைக் கையில் பிடிப்பது வேறு. மருந்தைத் தொட வேண்டாம், ஊசியைத் தொட வேண்டாம். பாருங்கள், எழுதுங்கள், தாய்மார் சொல்வதைக் கேளுங்கள். பதினெட்டு வயதும் ஐம்பது கிலோ நிறையும் உள்ளவர்கள் இரத்ததான முகாமுக்கும் வாருங்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐம்பது கிலோ தேறுவார்கள் என்பதுவே ஒரு பாடம்தான்.

புள்ளி போதாமல் போனால்? நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்பட்டு, அவற்றுக்கு மேலதிக ஒதுக்கீடு இருக்கிறது. அப்படியும் தவறினால் திரும்ப எழுதுவதா, கிடைத்த வேறு கற்கைநெறிக்குப் போவதா என்பதை ஆத்திரத்தில் முடிவு செய்யாதீர்கள். ஒன்றில் பதிந்தால் மற்றதை இழக்க நேரிடலாம். கைநூலை முழுவதும் வாசித்துவிட்டு, ஆசிரியரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பெண்பிள்ளைகளின் பெற்றோரே, இந்த இடைவெளியில் மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். அதற்குக் காலம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் அறை திறந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் மூன்றையும் கொண்டு வாருங்கள். பெயர்களை ஒன்றுக்கொன்று வைத்துப் பார்ப்போம். வாசிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம், நான் வாசித்துச் சொல்கிறேன். கந்தோரில் கடிதம் வாங்கக் கையெழுத்துப் புத்தகம் ஒன்று வைக்கும்படி துரையிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த மாதம் முதல் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வெளியே தேத்தண்ணீர் இருக்கிறது, ஆறுவதற்கு முன் குடியுங்கள்.