மலைவீதியில் முந்துதல்

இலங்கையின் மலைநாட்டு வீதிகளுள் பெரும்பாலானவை இன்றைய வாகனங்களின் வேகத்தைக் கருதி வகுக்கப்பட்டவை அல்ல. ஆளுநர் சேர் எட்வேர்ட் பார்ண்ஸ் காலத்தில், 1820ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பெற்ற கொழும்பு–கண்டி வீதியே அவற்றுக்கெல்லாம் முன்னோடி. அவ்வீதி அமைக்கும் பணியில் முன்னின்று உழைத்த கப்டன் டோசன் 1829இல் உயிர்நீத்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. பின்னர்க் கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது, மலைச்சாரல்களை வெட்டிப் பல கிளைவீதிகள் அமைக்கப்பட்டன. பாரம் இழுக்கும் மாடும் குதிரையும் மூச்சுத் திணறாமல் ஏறவேண்டும் என்பதற்காகச் சரிவைக் குறைத்து, நீளத்தைக் கூட்டி, வீதியை வளைத்து வளைத்துக் கொண்டுசென்றனர். ஆகவே வளைவு என்பது வீதியின் குறைபாடன்று. மலையேறுவதற்கு மனிதன் கண்ட வழியே அது.

அன்று மாட்டுவண்டி ஊர்ந்த அதே வளைவுகளில் இன்று பஸ்களும் லொறிகளும் கார்களும் முச்சக்கர வண்டிகளும் செல்கின்றன. அவற்றுக்கிடையே எண்ணிறந்த மோட்டார் சைக்கிள்களும் விரைகின்றன. இந்நாட்டிற் பதிவுபெற்ற வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. மலைநாட்டில் அதன் பயன் பெரிது. பஸ் ஏறாத தோட்டப்பாதையில் ஆசிரியரைப் பாடசாலைக்குக் கொண்டுசேர்ப்பது அது. மீன் விற்பவரையும் தபாற்காரரையும் லயத்து வாசல்வரை கொண்டுவருவதும் அதுவே. நள்ளிரவில் நோயாளிக்காக மருந்து வாங்க ஓடுவதற்கும் பல குடும்பங்களுக்கு வேறு வாகனம் இல்லை. ஏழையின் வாகனமாகிய இதனை இகழ்ந்து பேசுவதாற் பயனில்லை. அதனைச் செலுத்தும் இளைஞர் வீடு திரும்பவேண்டும் என்பதே இங்கு கருதப்படும் பொருள்.

வீதி விபத்துகளால் இந்நாட்டில் அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். மலைவீதியிற் பிழைக்கு இடமில்லை என்பதை அண்மை நிகழ்ச்சிகள் உணர்த்தியுள்ளன. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் நானுஓயாவுக்கு அண்மையில் பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு மே மாதம் கொத்மலைப் பகுதியிற் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்திற் பாய்ந்து பதினைவர் இறந்தனர். இவற்றின் காரணங்கள் வெவ்வேறு. எனினும் ஒன்று பொது: சமவெளியில் வயலோரத்தில் முடியக்கூடிய தவறு, மலையிற் பாதாளத்தில் முடிகின்றது.

மலைவீதியில் நேரும் தவறுகளுள் மிகக் கொடியது, முன்செல்லும் வாகனத்தை இடமறியாது முந்துதலாகும். வள்ளுவர் ஒரு செயலில் இறங்குவோனுக்கு வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். அரசனுக்குச் சொன்ன அந்த மூன்றும் மோட்டார் சைக்கிளிற் செல்லும் இளைஞனுக்கும் பொருந்தும்.

முதலில் வலியறிதல். பதினொரு மீற்றர் நீளமான பஸ் ஒன்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது எனக் கொள்வோம். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள், பஸ்ஸுக்குப் பத்து மீற்றர் பின்னால் இருந்து புறப்பட்டு, பத்து மீற்றர் முன்னாற் சென்று தன் பக்கம் சேர ஏறத்தாழ ஆறு வினாடி ஆகும். அதற்குள் அது 80 மீற்றர் தூரம் ஓடிவிடும். எதிரே 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் வருமாயின், அதுவும் 60 மீற்றருக்கு மேல் ஓடிவந்துவிடும். ஆகவே குறைந்தது 140 மீற்றர் தூரம் வீதி தெளிவாகத் தெரிந்தாலன்றி முந்துதல் கூடாது. இறம்பொடை வளைவுகளில் நின்று பார்ப்பவர்களுக்கு, எத்தனை இடங்களில் அவ்வளவு தூரம் கண்ணுக்கு எட்டுகின்றது என்பது விளங்கும்.

இதுவும் எஞ்சின் இசைந்து கொடுக்கும்போது பொருந்தும் கணக்கே. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு செங்குத்தான ஏற்றத்தில் ஏறும் சிறிய மோட்டார் சைக்கிள் 50ஐ எட்டாது. 40 கிலோமீற்றரே அதன் எல்லையாயின், பஸ்ஸைக் கடக்கும் நேரம் இருமடங்காகும். வேண்டிய தூரம் 250 மீற்றராக உயரும். பாதி முந்தியபின், ஏற இயலாது எஞ்சின் திணறும்போது, வலப்பக்கத்தில் எதிர்வரும் லொறியும் இடப்பக்கத்திற் பஸ்ஸின் உடலும் நெருக்க, அவனுக்கு ஒதுங்க இடமில்லை.

அடுத்தது இடனறிதல். இடப்புறமாகச் செல்லும் வழக்கமுள்ள இந்நாட்டில், வலப்பக்கம் திரும்பும் வளைவிற் செல்லும் மோட்டார் சைக்கிள் வலப்பக்கமே சாய்கின்றது. சக்கரங்கள் தன் எல்லைக்குள் இருந்தாலும், ஓட்டுபவனின் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்வரும் வாகனத்தின் பாதையில் நிற்கக்கூடும். இடப்பக்க வளைவில் வேகம் மிகுந்தாலோ, வண்டி தானாகவே வெளிப்புறம் நகர்ந்து நடுக்கோட்டைக் கடக்கும். நீண்ட பஸ் வளைவிற் திரும்பும்போது, அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திற் செல்லாமல் உட்புறத்தைக் குறுக்கி வரும். அந்த உட்புற இடைவெளியைக் கண்டு நுழைபவன், சிறிது நேரத்தில் அவ்விடைவெளி இல்லாமற் போவதைக் காண்பான்.

வீதியின் நடுவே தொடர்ச்சியாகத் தீட்டப்பட்ட வெள்ளைக்கோடு இந்த நுட்பங்களை எல்லாம் ஒரு சொல்லில் அடக்கிக் கூறுகின்றது: இங்கு கடவாதே. வீதியை அளந்து பார்த்தவர்கள் இட்ட கோடு அது. வளைவுக்கு அப்பால் உள்ளதை அறியாதவன், அறிந்தவர்கள் இட்ட கோட்டை மதித்தலே அறிவுடைமை.

மூன்றாவது காலமறிதல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கினிகத்தேனை, ஹட்டன் பகுதிகளில் மழை ஓயாது. நனைந்த வீதியில் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் கூடுகின்றது. அந்த வெள்ளைக்கோடும் மழையில் வழுக்கும். நுவரெலியாவில் மாலையில் இறங்கும் மூடுபனி, எதிர்வரும் வாகனத்தின் விளக்கையே விழுங்கிவிடும். ஏப்ரல் மாத வசந்தகாலத்திலோ மலைவீதிக்குப் பழக்கமில்லாத சாரதிகள் பலர் சமவெளியிலிருந்து வருகின்றனர். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிவினால் மலைவீதிகள் பல துண்டிக்கப்பட்டதையும் நேயர்கள் அறிவர். நேற்று அகலமாயிருந்த வளைவு இன்று மழைக்குப்பின் குறுகியிருக்கலாம். பழகிய வீதி என்னும் நம்பிக்கையே பலரைக் கெடுத்திருக்கின்றது.

குற்றம் முழுவதும் மோட்டார் சைக்கிளிற் செல்வோர் மீது சுமத்தத்தக்கது அன்று. பயணிகளைப் பிடிக்கும் போட்டியில் வளைவிலேயே இன்னொரு பஸ்ஸை முந்தும் பஸ் சாரதிகள் உளர். எதிரே வரும் மோட்டார் சைக்கிள் சிறிய வாகனமாதலால் ஓரத்துக் காணுக்குள் ஒதுங்கிக்கொள்ளும் என்று எண்ணுவோரும் உளர். பின்னால் நீண்ட வரிசை காத்திருப்பதைக் கண்டும், அகன்ற இடத்தில் ஒதுங்கி வழிவிடாத லொறிச் சாரதி பிறரின் பொறுமையைச் சோதிக்கின்றார். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது மலைவீதியின் பழைய மரபு. அம்மரபு பேணப்படும் இடத்தில் பொலிஸாருக்கு வேலை குறைவு.

பேணப்படாத இடத்திற் சட்டம் வரவேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும் போதிய அதிகாரம் அளித்துள்ளன. குறை, அதனை நடைமுறைப்படுத்தும் முறையிலேயே உள்ளது. போக்குவரத்துப் பொலிஸார் பெரும்பாலும் நகரின் எல்லையிலும் நேரான வீதியிலும் நிற்கின்றனர். வளைவில் நிற்க இடமில்லை. வாகனத்தை மறித்து நிறுத்தினால் அதுவே விபத்துக்கு ஏதுவாகும். இதனால், ஆபத்தற்ற நேர்வீதியிற் சற்று விரைந்தவர் தண்டம் செலுத்துகின்றார். வளைவில் உயிரோடு விளையாடியவர் தப்பிச் செல்கின்றார். எதிரே வருவோர் விளக்கைச் சிமிட்டிப் பொலிஸார் நிற்பதை அறிவித்துவிடும் வழக்கமும் உண்டு. உதவி எனக் கருதிச் செய்யப்படும் அச்செயல், அடுத்த வளைவில் யாரோ ஒருவரின் உயிருக்கு உலை வைக்கின்றது.

தப்பியோடும் மோட்டார் சைக்கிளைத் துரத்துவதும் தகாது. துரத்தப்படுபவனும் துரத்துபவரும் வழியிற் செல்லும் பாடசாலைப் பிள்ளைகளும் ஒருங்கே ஆபத்துக்கு உள்ளாவர். ஆனால் மலைவீதியின் அமைப்பே பொலிஸாருக்குத் துணையாகின்றது. அங்கு ஓடி ஒளியக் கிளைவழிகள் குறைவு. மேலே ஒரு வளைவில் ஒருவர் நின்று கவனித்து, இலக்கத்தைக் கீழே உள்ளவருக்கு அறிவித்தால், அடுத்த சந்தியிலோ அடுத்த நகரிலோ அமைதியாகக் காத்திருந்து நிறுத்தலாம். வாகனங்களிற் பொருத்தப்படும் கமெராக்களின் பதிவும் இன்று சான்றாகப் பயன்படத்தக்கது. 2025ஆம் ஆண்டு பொதுமக்கள் இத்தகைய மீறல்களை அறிவிப்பதற்கெனப் பொலிஸார் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றையும் அறிமுகப்படுத்தினர்.

தண்டத்தின் அளவைக் கூட்டுவதால் மட்டும் ஒழுங்கு வந்துவிடாது. அகப்படுவது அரிது என அறிந்தவன் பெருந்தண்டத்துக்கும் அஞ்சான். அகப்படுவது உறுதி என்று அறிந்தவன் சிறு தண்டத்துக்கும் அடங்குவான். தலைக்கவசம் அணியாதவரைத் தேடும் அதே கண், அணிந்துகொண்டே வளைவில் முந்துபவரையும் தேடவேண்டும். அத்துடன் அழிந்த வெள்ளைக்கோடுகளை மீண்டும் தீட்டுதல், குருட்டு வளைவுகளில் குவிவாடி நாட்டுதல், பள்ளத்தின் ஓரத்தில் உறுதியான தடுப்பு அமைத்தல், மெதுவாகச் செல்லும் வாகனங்கள் ஒதுங்க இடம் வகுத்தல் ஆகியன வீதிக்குப் பொறுப்பானவர்களின் கடமைகள்.

இறுதியாக, முந்துவதனாற் பெறும் இலாபம் யாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லக்கூடிய ஒருவர், 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும் லொறியின் பின்னால் இரண்டு கிலோமீற்றர் தூரம் பொறுமையாகச் செல்கின்றார் எனக் கொள்க. அவர் இழப்பது மூன்று நிமிடம். தேநீர்க்கடையிற் கோப்பை ஆறுவதற்குள் கழியும் நேரம் அது. அந்த மூன்று நிமிடத்தை மீட்பதற்காகப் பெற்றோரின் முதுமைக்கு ஊன்றுகோலையும், தம்பி தங்கையரின் படிப்புக்கு ஆதாரத்தையும், மனைவி மக்களின் வாழ்வையும் ஒரு வளைவிற் பணயம் வைப்பதா என்பதை, மோட்டார் சைக்கிளின் சாவியைக் கையில் எடுக்கும்போதே ஒவ்வோர் இளைஞனும் தன்னைக் கேட்டுக்கொள்வானாக.