குடும்பத்துக்கும் ஆகணும், ஓட்டவும் ருசிக்கணும்: எந்தக் கார் வாங்கலாம்?

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தீபாவளி போனஸ் பட்டுவாடா முடிந்த கையோடு நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது, ஞாபகம் இருக்கும். "குழந்தைகளோட போக வசதியா இருக்கணும், ஓட்டுறதுக்கும் ஜாலியா இருக்கணும். எந்தக் கார் வாங்கலாம்?" ராத்திரி 12 மணி வரைக்கும் பதில் வந்துகொண்டே இருந்தது. மறுநாள் செயலாளர் அண்ணன் என்னை லிஃப்டில் பிடித்து, "நீங்கதான் கார் பைத்தியமாச்சே, குரூப்ல டைப் அடிக்கறத விட்டுட்டு வந்து பேசிடுங்க" என்றார். வந்துவிட்டேன்.

நான் மெக்கானிக் இல்லைங்க, கார் விற்கிறவனும் இல்லை. ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆனால் வேக வண்டி ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. நம்ம பக்கத்துக்கு அது புதிதும் இல்லை. கோவையின் ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன், மாருதி என்ஜினை வைத்து இங்கேயே பந்தயக் கார் செய்தவர். அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். 2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டினார். அதையெல்லாம் பேப்பரில் பார்த்து வளர்ந்த பையன்களில் நானும் ஒருவன்.

மாடல் பெயர்களுக்குப் போகும் முன் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது என்னிடம் ஒரு பழைய ஹேட்ச்பேக் இருந்தது. ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. ஆனால் சும்மா பறக்கும். ஒருநாள் ராத்திரி எட்டரை மணி, தாராபுரம் ரோடு, கம்பெனி விடுகிற நேரம். முன்னால் போன கம்பெனி வேனை ஏறிப் பிடித்தேன். எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், பின்னால் பனியன் கட்டு, லைட் எரியவில்லை. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் லாக் ஆகி வண்டி சறுக்கிப் போய் நின்றது. எக்ஸ்எல்காரர் தப்பித்தார். ஆனால் என் மகள் பெல்ட் போடாமல் இரண்டு சீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். டேஷ்போர்டில் முகம் மோதி, உதடு கிழிந்து, ஒரு பல் போய்விட்டது. பால் பல்தான். இருந்தாலும் அந்த ரத்தம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வீடு வரை ஒன்றும் பேசாமல் வந்த என் மனைவி, கதவைத் திறக்கும்போது சொன்னது ஒன்றுதான்: "வண்டி வேகமாப் போனதுகூடப் பரவாயில்லைங்க. நிக்கலியே."

அந்த வண்டியை அடுத்த மாதமே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் காரைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது அது எப்படி நிற்கிறது என்பதைத்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு லாரி நீளத்தைத் தாண்டிவிடுவோம். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். அதனால் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஈஎஸ்சி, நல்ல டயர் இவைதான் எனக்கு முதல் பட்டியல். பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் கல்லாகியிருக்கும்.

இனி ஜாலி என்பது என்ன? அவினாசி ரோட்டில் 140-ல் போவதா? அங்கே அதற்கு இடமும் இல்லை, சட்டமும் விடாது. என் அனுபவத்தில், ஐந்து பேரும் சாமானும் ஏறிய பிறகும் வண்டி திணறாமல் இழுப்பதுதான் ஜாலி. அதை இங்கே ஓட்டிப் பார்த்தால் தெரியாது. பல்லடம், பொள்ளாச்சி வழியாக ஆழியார் போய், வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பாருங்க, தெரிந்துவிடும்.

அங்கே உதவுவது குதிரைத்திறனைவிட டார்க் எனும் இழுவை. 2023-ல் வந்த வெர்னாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காரில் இரண்டு 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின். சாதாரண என்ஜினில் 115 பிஎஸ், 144 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,500 ஆர்பிஎம்மில்தான் முழுசாக வரும். டர்போவில் 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர்; 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். வளைவு முடிந்து மெதுவாக எடுக்கும்போது முதலாவது கத்தும், இரண்டாவது கத்தாமல் ஏறும். பின்சீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்திருக்காது.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். நான் மூன்று கார் பார்த்தேன், மூன்றுக்கும் அம்மாவைக் கூட்டிப்போனேன். அவருக்கு முட்டிவலி. எனக்கு ரொம்பப் பிடித்த வண்டியில் உட்கார்ந்து எழுவதற்குள் மூன்று தடவை "முருகா" என்றார். அதோடு அந்த வண்டி பட்டியலிலிருந்து போனது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து கால் மணி நேரம் போய்ப் பாருங்க. டிக்கியில் உங்கள் சாமானையே வைத்துப் பாருங்க. எனக்கு இரண்டு சாம்பிள் பை, ஒரு டிராலி, அம்மாவின் மடக்கு நாற்காலி. முக்கியமாக, ஐந்து பேரும் ஏறிய பிறகு நம்ம பேஸ்மென்ட் ராம்ப்பில் அடி தட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஷோரூம்காரர் கொண்டுவந்து காட்டுவார், கேட்டால் போதும்.

குழந்தை இருக்கிற வீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள வண்டியாகப் பார்த்து, சைல்ட் சீட்டும் சேர்த்தே வாங்குங்க. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். ஆயிரம் ரூபாய் பெரிதில்லை. என் மகளின் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நம்ம ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி: "கம்பெனி பேரில் வாங்கினா இன்புட் எடுக்கலாமுங்களா?" முடியாதுங்க. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் வாகனத்துக்கு ஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவில் இன்புட் கிரெடிட் கிடையாது. வாடகைக்கு ஓட்டுவது, டிரைவிங் ஸ்கூல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் விலக்கு. தேய்மானக் கழிவு வேறு விஷயம், ஆடிட்டரைக் கேளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. மின்சாரக் காருக்கு 5. நம்ம மாநில ஆயுட்கால வரியும் படிப்படியாக ஏறும்: விலை 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 தாண்டி 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதனால் ஒன்பதே முக்கால் லட்சத்துக்கும் பத்தே கால் லட்சத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் ஐம்பதாயிரம் இல்லை. ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சரி, பெயர்கள். சின்ன வரியில் வருவதில் இரண்டைச் சொல்வேன். ஹூண்டாய் ஐ20 என் லைன், நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்தது: ஒரு லிட்டர் டர்போ, 120 பிஎஸ். ஸ்டியரிங் அருமை, சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம். நாலு பேர் குடும்பத்துக்குப் போதும். உயரமாக வேண்டுமென்றால் மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ-வின் 130 பிஎஸ் டர்போ; பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம்.

செடானில் வெர்னா டர்போ, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5, ஸ்கோடா ஸ்லாவியா 1.5. மூன்றும் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை, மூன்றிலும் டிக்கி 520 லிட்டருக்குக் குறையாது. விர்டஸ், ஸ்லாவியா தரை இடைவெளி 179 மில்லிமீட்டர், வெர்னாவுக்கு அதைவிடக் குறைவு. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் எடுப்பவர்கள் புஷ்பா ஜங்ஷன் நெரிசலில் இன்ச் இன்ச்சாக உருட்டாதீர்கள். முன்னால் இடம் விட்டு நின்று, சேர்த்து நகருங்கள். கிளட்ச் சூடு குறையும்.

மின்சாரத்தில் மஹிந்திரா பிஇ 6 ஓட்டிப் பார்த்தேன். இழுவை காலை வைத்ததும் வருகிறது. ஆனால் முதலில் உங்கள் பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட் வேண்டும். அதற்கு மனு கொடுத்தவர்கள் நம்ம பிளாக்கில் இருக்கிறார்கள், சங்கம் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் இந்த மேடையிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் ஸ்லாவியா 1.5, மேனுவல். ஊருக்குள் லிட்டருக்கு பத்து, பதினொன்று தருகிறது; ஹைவேயில் பதினேழு. அம்மா ஏறும்போது ஒரு தடவைதான் "முருகா" சொல்கிறார். போன மாதம் வால்பாறை போனோம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தேன், பிரேக் காயவில்லை, யாருக்கும் வாந்தியும் இல்லை. அட்டகட்டியில் டீ குடிக்கும்போது மனைவி, "திரும்பறப்ப நான் கொஞ்ச தூரம் ஓட்டட்டுங்களா?" என்றார். எனக்கு அதைவிட வேறு சர்டிஃபிகேட் வேண்டாம்.

தம்பிகளுக்கு ஒன்று. ரீமேப், சத்தம் போடும் சைலன்சர் இதெல்லாம் வேண்டாம்ப்பா. வாரன்டி போகும், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டமும் பாயும், இன்சூரன்ஸ் க்ளைமிலும் இழுப்பார்கள். கைக்கு வேகம் வேண்டுமென்றால் செட்டிபாளையம் பக்கம்தான் இருக்கிறது. டிராக் திறக்கும் நாளில், ஹெல்மெட் போட்டு, பணம் கட்டி ஓட்டுங்கள். நானே கூட வருகிறேன்.

கடைசியாக, நமக்கு எல்லோருக்கும். கேட்டுக்குள் நுழைந்ததும் பத்து கிலோமீட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏ பிளாக் முன்னால் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். எத்தனை குதிரை இருந்தாலும் அங்கே நடக்கட்டும்.