மேகமும் கல்லெழுத்தும்



அழகா, மெய்யா என்னும் வினா பாவலர்க்குப் பழையது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுத்தபோது, உள்ளதை உள்ளவாறு உரைக்கும் தன்மையணியையே முதலில் வைத்தது. மிகைபடக் கூறும் அணியும் அதில் உண்டு. தோளை மலை என்று பாடினால் அளவுகோலோடு எவரும் புறப்படுவதில்லை. மிகை என்று அறிந்தே சுவைக்கின்றனர். ஒளிப்படத்தின் நிலை வேறு. 'இஃது இவ்வாறே இருந்தது' என்று நம்பியே அதனைக் காண்கின்றனர்.

இந்த இரு கரைகளிலும் நின்றவர் ஒருவர் உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர், 1857-58-ஆம் ஆண்டுகளில் மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சை எனச் சுற்றிக் கோயில்களைப் படமெடுத்தார். அந்நாளைய தாள் எதிர்ப்படம் நீல ஒளியை மிகுதியாக வாங்கும். அதனால் வானம் வெறும் வெண்மையாகவே பதியும். அந்த வெறுமை அவர் கண்ணை உறுத்தியது. எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் பூசி, வானத்தில் இல்லாத மேகங்களைத் தாமே தீட்டினார்.

அவரே 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்துக் கல்வெட்டுகளை எடுத்தார். 21 எதிர்ப்படங்கள், ஒட்டிச் சேர்த்தால் ஏறத்தாழ 19 அடி நீளம். இராசராசனும் தமக்கை குந்தவையும் ஈந்த பொன்னையும் கலங்களையும், கூத்தப்பெருமான் பெயர் தாங்கிய 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்துப் பொறித்த எழுத்துகள் அவை. அங்கே ஓர் எழுத்தை அழகுக்காகத் திருத்தினாலும் ஒரு கொடையின் அளவே மாறிவிடும்.

வெண்மையான வானமும் முழு உண்மையன்று என்பர். ஆம், ஆயினும் அது கருவியின் இயலாமை. தீட்டிய மேகமோ, பார்த்திராத ஒன்றுக்குச் சொன்ன சாட்சி. கவிஞனின் மிகை தன்னை மிகை என்று அறிவித்துக்கொள்கிறது. அந்த மேகம் அறிவிக்கவில்லை.

இது பழங்கதையன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரத்தின் படம் உழவர்க்கு இழப்பின் சான்று. வானத்தைக் கருமையாக்கிப் படத்துக்கு வீறு கூட்டலாம். வேற்றூர் வெள்ளத்தை இவ்வூர் வெள்ளம் எனவும் காட்டலாம். கண்டவர் நெஞ்சு ஒருகணம் பதறும். ஆனால் அந்த ஒரு படம் பொய்யென வெளிப்படும் நாளில், அருகிருக்கும் பத்து மெய்ப்படங்களும் ஐயத்துக்கு ஆளாகும். அவற்றோடு, மெய்யாகவே மரம் இழந்தவனின் சொல்லும் எடை இழக்கும். படம்பிடிக்காமலே படம் ஆக்கும் கணிப்பொறி வந்துவிட்ட இந்நாளில் இவ்விழப்பு இன்னும் பெரிது.

எனவே அழகை விலக்க வேண்டுவதில்லை. ஒளி வரும் வேளைக்காகக் காத்திருப்பதும், நிற்குமிடத்தைத் தேர்வதும் அழகே. அவை எவரையும் ஏமாற்றுவதில்லை. தீட்டிய மேகத்தைத் தீட்டியது என்று சொல்லிவிட்டால் அதுவும் கலையே. சான்றாக நிற்க வேண்டிய படத்தில் மட்டும் கல்லெழுத்தின் ஒழுக்கம் வேண்டும்.