கேளாத பிள்ளையின் முறையீடு
(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண் தெரியாத பிள்ளையைக் கண்டால் கைபிடித்து வழிகாட்டுகிறோம். காது கேளாத பிள்ளையையோ “செவிடன்” என்றழைத்துச் சிரிக்கிறோம். இவ்வேறுபாடு நம் உள்ளத்தை உறுத்த வேண்டாமா?

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்தில் ஒரு தாயாரைச் சந்தித்தோம். அண்டை நகரத்துப் பள்ளியில், செவிப்புலன் குன்றியோர்க்கான சிறப்பு வகுப்பில் பயின்ற அவர் மகன், விடுமுறை முடிந்ததும் பள்ளி செல்ல மறுத்து அழுதான். அவன் கைகளால் பேசினான். தாயாருக்கோ சைகைமொழி தெரியாது. பிடிவாதம் என்றெண்ணிக் கண்டித்தார். சைகைமொழி அறிந்த ஆசிரியை ஒருவர் வந்து வினவிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதே வகுப்பின் மூத்த மாணவர்கள் அவனுடைய செவிக்கருவியைப் பிடுங்கி ஒளித்துவைத்ததோடு, சைகை சரியாக வரவில்லையென்று எள்ளியும் வந்திருக்கின்றனர். கேளாதோரிடையேயும் பகடிவதை உண்டு என்பதை அன்று உணர்ந்தோம்.

வீட்டிலும் ஒரு தவறு நிகழ்கிறது. கூப்பிட்டால் திரும்பும் பிள்ளை சொன்னதைச் செய்யாவிட்டால், “நடிக்கிறான்” என்கிறோம். செவிப்புலன் குன்றிய பலருக்குக் குரல் கேட்கும், ஆனால் சகரம் போன்ற நுண்ணொலிகள் நழுவிவிடும், சொல் விளங்காது. செவிக்கருவி ஒலியைப் பெருக்குமேயன்றி, இழந்த செவிப்புலனை முழுமையாக மீட்டுத் தராது. இரைச்சலுக்கிடையில் அதன் பயன் மேலும் குறையும்.

நம் நாட்டில், 1954-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் கேளாதோர் பள்ளி தோன்றிவிட்டது. 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், மலேசியச் சைகைமொழியைக் கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றது. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டத் திருத்தங்கள் பகடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. ஆயினும், பிள்ளை தன் துன்பத்தைச் சொல்ல இயலாதவரை எந்தச் சட்டம் அவனுக்குத் துணை நிற்கும்?

எனவே பெற்றோர்களே, சைகைமொழி கற்கத் தொடங்குங்கள். “யார்?”, “எங்கே?”, “அடித்தார்களா?”, “பயமா?” ஆகிய நான்கையேனும் இம்மாதமே சிறப்பு வகுப்பு ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். ஆசிரியர்களே, மாணவனுக்கு முகம் காட்டிப் பேசுங்கள். செவிக்கருவி காணாமற்போனால் கவனக்குறைவு என்று முடிவு கட்டாது, காரணத்தை விசாரியுங்கள். அண்டை அயலாரே, அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள்.

அந்தத் தாயார் இப்பொழுது சைகைமொழி கற்று வருகிறார். பள்ளிவிட்டு வரும் மகனிடம் நாள்தோறும் ஒரு கேள்வியாவது கையால் கேட்கிறார். அவனும் மறுமொழி கூறுகிறான்.