மின்சார சைக்கிளுக்கு ராடார் பின்விளக்கு
(கல்லிடைக்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அப்பளக் கட்டுகளையும் பாலையும் ஏற்றிக்கொண்டு, இருட்டில் அம்பாசமுத்திரம் சாலையில் மின்சார சைக்கிளில் செல்பவருக்கு முதுகில் கண் இல்லை. அக்குறையைப் போக்க வந்ததே ராடார் பின்விளக்கு. கார்மின் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் ‘வாரியா’ என்னும் பெயரில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. பின்னால் நெருங்கும் வாகனத்தை இது ரேடியோ அலைகளால் 140 மீட்டர் தூரத்திலேயே அறிந்து, கைப்பிடியில் பொருத்திய சிறு கருவியின் வழியே எச்சரிக்கும். நாம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலும், லாரி 60 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால் சுமார் 12 விநாடி அவகாசம் கிட்டும். ஓரம் ஒதுங்க அது போதும்.

பொருத்தும் முறையே முக்கியம். இருக்கைக் குழாயில் மாட்டினால், கேரியரில் ஏற்றும் புல்லுக்கட்டும் பால் கேனும் அதனை மறைத்துவிடும். ஆகவே கேரியரின் பின்முனையில், சுமைக்குக் கீழே, சாயாமல் நேர் பின்னோக்கி இறுக்குக. சேறு படிந்தால் துடைத்திடுக.

நம் வேகத்திலேயே தொடர்ந்து வரும் வண்டியை இது காட்டாது. ஆதலால் திரும்புமுன் தலையைத் திருப்பிப் பார்த்தல் அவசியம். சார்ஜ் தீர்ந்தால் இவ்விளக்கும் அணையும். சிவப்புப் பிரதிபலிப்பு வில்லையைக் கழற்றிவிடலாகாது. தெருவிளக்குகள் எரியுமாறு பார்த்துக்கொள்வது பஞ்சாயத்தின் பொறுப்பு.