கூழும் மண்ணும்



வேளாண்மைப் புத்தகங்களில் 'கூழ்மம்' என்ற சொல் வரும். பயப்பட வேண்டாம். அது நம் 'கூழ்' என்ற சொல்லில் இருந்து பிறந்ததுதான். கூழில் மாவு உப்பைப் போல் கரைந்து மறையாது. மணலைப் போல் அடியிலும் தங்காது. ஆங்கிலத்தில் இதைக் 'கொலாய்டு' என்பார்கள். 1861-இல் தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் 'கொல்லா' என்றால் பசை.

மண்ணிலும் கூழ்மம் உண்டு. களிமண்ணின் மிக நுண்ணிய துகள்களும், நன்கு மக்கிய எருவும்தான் அவை. பயிருக்கு வேண்டிய சத்துகளை இவை பிடித்து வைக்கின்றன. மணலில் இவை குறைவு. அதனால் அங்கே இட்ட உரம் நீரோடு இறங்கிவிடும்.

உத்தரப் பிரதேசத்தில் களர் நிலத்தை 'ஊசர்' என்பார்கள். அதில் சோடியம் மிகுதி. ஈரம் பட்டதும் களித்துகள்கள் பிரிந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் இறங்காது. பயிர் வளராது. அந்த நிலத்தில் ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் துகள்களை மீண்டும் ஒன்று சேர்க்கும். பிறகு நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் சோடியம் வெளியேறும். நிலம் விளையும்.

எவ்வளவு ஜிப்சம் இடுவது? மண்ணைப் பரிசோதித்தால் தெரியும். முதலில் அதைச் செய்யுங்கள்!